குறைமாதக் குழந்தையின் கல்லீரலும் குடலும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

(உலகக் குறைமாதக் குழந்தைகள் நாளையொட்டி அறக்கட்டளை மண்டபத்தில் நடந்த குடும்பநல நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



மரியாதைக்குரிய பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, புதிதாகத் திருமணம் முடித்த தம்பிகளே! நான் டாக்டர் அல்ல. மதரஸாவில் ஓதி, கல்லூரியில் விலங்கியல் படித்தவன். இந்த அறக்கட்டளையின் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அவற்றில் பச்சைக் குழந்தைகளுக்காக வரும் விண்ணப்பங்களைப் படிக்கும்போதெல்லாம், "இவர்கள் இரண்டு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா?" என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் என் தங்கைக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை, எடை 1 கிலோ 700 கிராம். மூன்றாம் நாள், "வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நாங்களே கேட்டு அழைத்து வந்துவிட்டோம். நான்காம் நாள் முகம் மஞ்சளானது. எல்லாக் குழந்தைக்கும் வருவதுதானே என்று மொட்டை மாடியில் காலை வெயிலில் காட்டினோம். பாலாடையில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். தெருவில் வந்தவரிடம் கழுதைப் பால் வாங்கி ஒரு சங்கு புகட்டினோம். ஐந்தாம் நாள் மஞ்சள் பாதம் வரை வந்தது. குழந்தை அழவே இல்லை, பால் குடிக்கவும் எழவில்லை. "எவ்வளவு சமத்துப் பிள்ளை" என்றோம். ஆறாம் நாள் இரவு முதுகை வில்லாக வளைத்துக் கீச்சென்று அழுதபோதுதான் சென்னைக்கு ஓடினோம். இரத்தத்தை மாற்றி உயிரைக் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவனுக்குக் காது கேட்காது என்பது இரண்டு வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்று அவன் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை செய்கிறான், நல்ல பிள்ளை. பாங்கு சொல்லும்போது மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் எழுந்து வருவான்.

அந்த வீட்டில் படித்தவன் என்று இருந்தது நான் ஒருவன்தான். அதனால் இதை வேறு யார் மேலும் போட மாட்டேன்.

என்ன நடந்தது என்று இப்போது பார்ப்போம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. நம் ஊரில் தறியைப் பார்க்காதவர் இல்லை. உடல் முழுதும் நெய்தாகிவிட்டது, முந்தி நெய்யும் முன்பே தறியிலிருந்து அறுத்துவிட்டால் எப்படி இருக்கும்? பார்க்கச் சேலை போலத்தான் இருக்கும். குறைமாதக் குழந்தையும் அப்படித்தான். கை, கால், கண், மூக்கு எல்லாம் இருக்கும். உள்ளே கல்லீரலும் குடலும் வேலையை முடித்திருக்காது.

கருவின் கல்லீரல் கடைசி மூன்று மாதங்களில்தான் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. பிறந்ததும் தொப்புள்கொடி வழியாக வந்த உணவு நின்றுவிடும். பால் சுரக்கும் வரை அந்தச் சேமிப்பில்தான் குழந்தை காலம் தள்ள வேண்டும். முன்னாலேயே பிறந்த குழந்தைக்குச் சேமிப்பு குறைவு, குளிரைத் தாங்கும் கொழுப்பும் குறைவு. சில மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். 40, 45 மில்லிகிராமுக்குக் கீழே போனால் டாக்டர்கள் உடனே கவனிப்பார்கள். மூளைக்கு உணவே சர்க்கரைதான். உடம்பு சில்லிடுவது, கை கால் நடுங்குவது, துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் இறங்கலாம். அதனால்தான் குதிகாலில் குத்திக் குத்திப் பார்க்கிறார்கள். "பச்சைப் பிள்ளையை இப்படிக் குத்துகிறார்களே" என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள்.

தாய்க்குக் கர்ப்ப காலத்தில் சர்க்கரை நோய் இருந்தால் இன்னொரு சிக்கல். தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகியிருக்கும். பிறந்த பிறகு சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் உடனே நிற்காது. ஆகவே எடை நன்றாக இருக்கும் குழந்தைக்கும் சர்க்கரை சட்டென்று இறங்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திப் பரப்பிய முறை அது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140-ஐ எட்டினால் கவனம் தேவை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று இந்தியாவில் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது நம் தமிழ்நாடுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்கிறார்கள். தண்ணீர் குமட்டுகிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். சர்க்கரை இறங்குகிறது என்றால் நாம் கொடுக்கும் சர்க்கரைத் தண்ணீர் நல்லதுதானே? இல்லை. மருத்துவமனையில் அளந்து, சுத்தமான குளுக்கோஸை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். நாம் கொடுப்பது சட்டென்று ஏற்றிவிட்டு இறக்கிவிடும். சின்ன வயிற்றை நிரப்பிப் பால் குடிக்கவிடாது. புரையேறி மூச்சுக்குழாயில் போகலாம், கிருமியும் போகலாம். பெயர் ஒன்றுதான், காரியம் வேறு.

அடுத்தது மஞ்சள் காமாலை. நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து உடையும். பிறந்த குழந்தையின் அணுக்கள் இன்னும் சீக்கிரம் உடையும், குறைமாதக் குழந்தையுடையது அதைவிடச் சீக்கிரம். உடைந்த அணுவிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. அதைக் கரையும்படி மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. அந்த வேலைக்கான நொதி பச்சிளங்குழந்தையிடம் மிகக் குறைவு. குடலுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் நாட்களின் கறுப்பு மலம் வெளியேறாமல் தங்கினால், அதிலுள்ள பிலிருபினைக் குடல் மறுபடி உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடும். பால் குடித்து மலம் கழிந்தால் மஞ்சளும் கழியும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். அளவு மீறிய பிலிருபின் மூளைக்குள் இறங்கினால் காது, கை கால் அசைவு, புத்தி எல்லாம் பாதிக்கப்படும். குறைமாதக் குழந்தைக்குக் குறைந்த அளவிலேயே அந்த ஆபத்து வரும்.

வெயிலில் காட்டியதைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பழக்கத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1956-இல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சகோதரி வார்டு என்ற நர்ஸ், வெயில் நாட்களில் அவர்களை முற்றத்துக்குத் தூக்கிச் செல்வார். ஒரு நாள் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் மஞ்சள் குறைகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. அங்கிருந்த டாக்டர் கிரெமரும் உடன் பணியாற்றியவர்களும் விளக்குகளைக் கொண்டு சோதித்து 1958-இல் வெளியிட்டார்கள். இன்று ஒவ்வொரு மருத்துவமனையிலும் எரியும் நீல விளக்கு அந்த நர்ஸின் கண்ணிலிருந்து வந்தது.

அவர்கள் ஏன் வெயிலோடு நிற்காமல் விளக்குக்குப் போனார்கள்? வெயிலை அளக்க முடியாது. இரவில் கிடைக்காது. நம் ஊர் வெயில் குழந்தையின் நீரை வற்றச் செய்யும், தோலைச் சுடும். நீல விளக்கின் அடியில் குழந்தை இரவும் பகலும் இருக்கும், இரத்த அளவையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வெயில் காட்டினோம் என்ற திருப்தியில் நாங்கள் இழந்தது அந்த அளவைத்தான்.

பட்டு ஊர்க்காரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவில் அந்துருண்டை போடுகிறோம். மூத்த பிள்ளையின் சட்டையையும் போர்வையையும் அதே பீரோவில் வைத்திருந்து, புதுக் குழந்தைக்கு எடுத்துப் போர்த்துகிறோம். அந்துருண்டையில் உள்ள நாப்தலீனை முகர்ந்தாலே சில குழந்தைகளுக்குச் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் ஆண் குழந்தைகள். யாருக்குக் குறைவு என்று பார்த்துத் தெரியாது. ஆகவே குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம்.

இப்போது குடல். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒன்றாகச் செய்யும் பழக்கம் சுமார் 34 வாரத்தில்தான் குழந்தைக்கு வருகிறது. அதற்கு முன் பிறந்தால் மெல்லிய குழாய் வழியாகத் தாய்ப்பாலை மில்லி மில்லியாக வயிற்றுக்கு அனுப்புவார்கள். "ஒரு சங்குகூடக் கொடுக்காமல் பட்டினி போடுகிறார்கள்" என்று நம் பெண்கள் கலங்குவார்கள். அந்தக் குடலின் சுவர் அவ்வளவு மெல்லியது. அதிகமானாலும் தவறான உணவானாலும் குடல் அழன்று அழுகிப்போகும் ஒரு நோய் உண்டு. வயிறு ஊதும், பச்சையாக வாந்தி வரும், மலத்தில் இரத்தம் வரும். டின் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த நோய், இன்னொரு தாயின் பாலைக் குடிப்பவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. பெற்ற தாயின் பால் எல்லாவற்றிலும் மேல். குறைமாதக் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் பித்தம் போதாது, கொழுப்பு எளிதில் செரிக்காது. அந்தக் கொழுப்பைச் செரிக்கவைக்கும் நொதியைத் தாய்ப்பாலே கொண்டுவருகிறது. படைத்தவனின் ஏற்பாட்டைப் பாருங்கள்.

அதனால்தான் சேனை வைப்பது, தேன் தொட்டு வைப்பது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, கிரைப் வாட்டர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம் என்கிறேன். தேனில் நிவாரணம் உண்டு என்பது நம் ஈமானைச் சேர்ந்தது. ஆனால் மருந்துக்கும் வயது உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளரச் செய்துவிடும். தஹ்னீக் பற்றி நம் பள்ளி இமாமிடம் கேட்டேன். "அது சுன்னத், ஃபர்ளு அல்ல. குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும்போது காதில் பாங்கு சொல்லுங்கள், துஆ செய்யுங்கள். தஹ்னீக்கை டாக்டர் அனுமதித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

தாய்ப்பால் வரவில்லை என்றால்? இதைத்தான் பல குடும்பங்கள் என்னிடம் தனியாக வந்து கேட்கின்றன. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் தொடங்கியது. 2014 முதல் நம் மாநில அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் வங்கிகள் வந்தன. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் உண்டு. பல தாய்மார் கொடுக்கும் பாலை 62.5 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கித் தருகிறார்கள். நமக்குக் கேள்வி, பால்குடி உறவு. ஹலீமா அம்மையாரை நபிகளார் (ஸல்) எப்படி மதித்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தார் ஆகிறார்கள், அவர்களுக்குள் திருமணம் ஆகாது. ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு குடித்தாலே உறவு ஏற்படும். ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை குடித்திருக்க வேண்டும். பால் யாருடையது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது?

உலமாக்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி பால் வங்கி கூடாது என்றது. ஷைக் யூசுஃப் அல்-கர்ளாவி ஆகும் என்றார். ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 2004-இல் அங்குள்ள குறைமாதக் குழந்தைகளுக்கு அனுமதித்தது. 2024-இல் கராச்சியில் ஒரு வங்கி தொடங்கி, மார்க்கத் தீர்ப்பு மாறியதால் நிறுத்திவைக்கப்பட்டது. நான் முஃப்தி அல்ல, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நடுராத்திரியில் டாக்டர் கையெழுத்துக் கேட்கும்போது குடும்பம் வராந்தாவில் நின்று விவாதித்துக்கொண்டிருக்கக் கூடாது. கர்ப்பம் ஏழாம் மாதத்தைத் தொடும்போதே உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவை வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் மூன்று வழி சொல்கிறேன். ஒன்று, தாயின் பாலையே வரவழைப்பது. பிரசவமான முதல் மணி நேரங்களிலேயே தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும், ஒரு நாளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல் கையால் பீய்ச்ச வேண்டும். முதல் நாள் சில சொட்டுத்தான் வரும். அந்தச் சொட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துவைக்கும் கங்காரு முறையில் பால் நன்றாகச் சுரக்கும், குழந்தையும் சில்லிடாது. இரண்டு, குழந்தையின் பெரியம்மா, சித்தி, மாமி என்று தெரிந்த ஒருவர் பால் கொடுக்கலாம். ஆனால் மருத்துவமனையிடம் சொல்லி, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி சோதனை முடித்த பிறகுதான். மூன்று, வங்கிப் பால்தான் வழி என்று டாக்டர் சொன்னால், கொடுத்தவர் விவரம் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது மூன்றாவது வழிகளில் தெரியவரும் பால் உறவுகளை எழுதிவைக்க நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு பதிவேடு தொடங்குகிறோம். திருமணப் பேச்சு வரும்போது இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேலும், குறைமாதக் குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீடித்தால் அது வேறு விஷயம். மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, மூத்திரம் துணியில் மஞ்சள் கறை வைத்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். மற்றொன்று, நமக்குள் சொந்தத்தில் திருமணம் செய்வது வழக்கம். பாலின் சர்க்கரையைக் கல்லீரலால் கையாள முடியாதது போன்ற பிறவிக் குறைகள் அப்படிப்பட்ட குடும்பங்களில் சற்று அதிகம் காணப்படுகின்றன. காரணம் தெரியாமல் ஒரு குழந்தை மௌத்தாகியிருந்தால் அதை மறைக்காதீர்கள். அடுத்த கர்ப்பத்தில் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த குறைமாதக் குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், சில்லிட்டாலும், எழுப்பினால் எழாவிட்டாலும், வயிறு ஊதினாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், எந்த அளவு மஞ்சள் தெரிந்தாலும் அன்றே கொண்டுபோங்கள். 108-ஐ அழையுங்கள். இங்கே முடியாவிட்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழும்பூருக்கோ அவர்களே அனுப்புவார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, சோதனை, வண்டி எல்லாம் இலவசம். கூட இருப்பவரின் சாப்பாட்டுக்கும் தங்கும் செலவுக்கும் கையில் காசில்லை என்றால் அதற்கு நாங்கள் இருக்கிறோம். விண்ணப்பம் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் புறப்படுங்கள்.

குழந்தை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். என் தங்கை மகனுக்கு நான் தவறவிட்ட அந்த இரண்டு நாள் உங்கள் வீட்டில் யாருக்கும் தவறக் கூடாது. குறைமாதத்தில் வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அல்லாஹ் பூரண ஆயுளையும் ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.